தாப்பாஸ் உணவகத்திலிருந்து பசியோடு எழுந்து வந்தோம்: தவறு எங்களுடையதா, கடையினுடையதா?

எஸ்.எஸ். காலனிக்காரர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் திருமண நாளை முன்னிட்டு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் சென்ற மாதம் எங்களைத் தாப்பாஸ் என்ற ஸ்பானியச் சிறுதட்டு உணவுகளைப் பரிமாறும் உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றான். நான், என் மனைவி, மகன், மருமகள், சைவம் மட்டுமே உண்ணும் என் அக்கா என ஐந்து பேர் போனோம். இரவு ஏழரை மணிக்கு உட்கார்ந்து ஒன்பதேகாலுக்கு எழுந்தோம். பத்தரை மணிக்கு மருமகள் மோர்மிளகாய் வறுக்க, ஐந்து பேரும் வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டோம் என்று சொன்னாலே அந்த விருந்தின் இலட்சணம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். விலைப்பட்டியலில் எது சாப்பாடு, எது பலகாரம் என்றே விளங்காததால், ஆளுக்கொன்றாக ஐந்து பதார்த்தம் சொன்னோம். அவை ஒன்றாகவும் வரவில்லை. முதலில் மகன் கேட்ட உருளைக்கிழங்கு வந்தது. அவன் சாப்பிட, நாங்கள் நால்வரும் வேடிக்கை பார்த்தோம். பத்து நிமிடம் கழித்து, உள்ளங்கை அகல மண்சட்டியில், கொதிக்கும் எண்ணெயில் மிதந்தபடி எனக்கு ஆறு இறால் வந்தது. மருத்துவர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருப்பதால், இறாலை மட்டும் பொறுக்கிக்கொண்டு எண்ணெயை அப்படியே விட்டுவிட்டேன். மனைவி கேட்டது ‘தோர்த்தீயா’. மெக்சிகோ நாட்டு ரொட்டி என்று எண்ணிக் கேட்டதற்கு, உருளைக்கிழங்கு போட்ட தடித்த முட்டை அடை ஒன்று வந்தது. வெட்டினால் நடுவில் முட்டை வேகாமல் வழிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டோம். மருமகள் கேட்டது உருளைக்கிழங்கு போண்டாவைப் போலவே இருந்ததால் அக்கா ஆசையோடு ஒன்றைத் தன் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டார். நல்ல வேளையாக வாயில் போடுமுன் கேட்டார். உள்ளே பன்றித் தொடை இறைச்சி இருப்பதாகப் பரிமாறுபவர் சொன்னார். அக்கா, தான் கேட்டிருந்த ஊறிய ஆலிவ் காய்களோடும், பிறகு நாங்கள் வாங்கிக் கொடுத்த தக்காளி தேய்த்த ரொட்டித் துண்டோடும் அன்றைய இரவை முடித்துக்கொண்டார். சோறு எப்போது வரும் என்று கேட்டபோது, பயேயா என்ற சோறு வேண்டுமென்றால் இன்னும் நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். எழுந்துவிட்டோம். பழச்சாறுகள் உட்பட 5,500 ரூபாய். அதன்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 6,352 ரூபாய்.

போனது போகட்டும் என்று விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் என் மகள் ஸ்பெயினில் கிரனாடா நகரத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். வரும் ஜூன் மாதம் நானும் மனைவியும் அக்காவும் பத்து நாள் அங்கே போகிறோம். “அப்பா, இந்த ஊரே தாப்பாஸுக்குப் பேர்போன ஊர்” என்று அவள் மகிழ்ச்சியோடு சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறு இறால்தான் நினைவுக்கு வருகிறது. அந்த நாட்டு உணவே இப்படித்தானா, அல்லது எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லையா? நாங்கள் மூவரும் மதுவைத் தொடாதவர்கள். அங்கே எங்களை மதிப்பார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேலூரான் (கிரனாடாவில் நான்கு ஆண்டு இருந்தவன்):

ஐயா, வணக்கம். படித்துவிட்டுச் சிரித்தேன் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கிரனாடாவுக்கு ஆராய்ச்சிக்காகப் போன முதல் வாரத்தில், தனியாளாக ஒரு கடையில் உட்கார்ந்து, ஒரே ஒரு தாப்பாவைக் கேட்டுவிட்டு, அடுத்து சோறு வரும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தவன் நான்.

தாப்பா என்றால் மூடி என்று பொருள். ஷெர்ரி என்ற ஒயினை ஊற்றிய கோப்பைக்குள் ஈ விழாதபடி மேலே ஒரு ரொட்டித் துண்டையோ இறைச்சித் துண்டையோ மூடி வைத்ததால் இந்தப் பெயர் என்று அங்கே கடைக்குக் கடை கதை சொல்வார்கள். சிலர் அரசர்களையும் கதைக்குள் இழுத்துவிடுவார்கள். கதையை விடுங்கள். குடிக்கும் பானத்துக்குத் துணையாக வருவதே தாப்பா. நம் பேச்சில் தொடுகறி என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வரும். தொடுகறியை ஆளுக்கொன்றாக வாங்கி வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்திருந்தது போலத்தான் உங்கள் கதை முடிந்திருக்கிறது.

அங்கே ஒரே பதார்த்தம் மூன்று அளவில் கிடைக்கும். சிறியது தாப்பா, நடுத்தரமானது மெதியா ரசியோன், முழுத்தட்டு ரசியோன். ஐந்து பேர் சேர்ந்து போனால் முழுத்தட்டாக இரண்டு, ரொட்டி ஒரு கூடை என்று சொல்லி, தட்டுகளை நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். அது தீரும் நேரத்தில் அடுத்த இரண்டைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லி முடிப்பதும், இது என்னுடையது, அது உன்னுடையது என்று பிரித்துக்கொள்வதும் அங்கே வழக்கமில்லை. சமையலறையில் எது முதலில் தயாராகிறதோ அது முதலில் வரும் என்பதால், ஆளுக்கொன்று சொன்னால் ஒருவர் சாப்பிட மற்றவர் வேடிக்கை பார்ப்பது தவிர்க்க முடியாதது. மேலும், ஒரே கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட, ஒரு கடையில் நின்றபடி இரண்டு தாப்பா, அடுத்த தெருவில் வேறொரு கடையில் இரண்டு என்று நடப்பதே அவர்களுக்குப் பிடித்தமானது. கடைக்குக் கடை ஒரு பதார்த்தத்தில் பேர் வாங்கியிருப்பார்கள். அங்கே போய் அதைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் மண்சட்டிக்கு வருகிறேன். அதன் பெயர் காம்பாஸ் அல் அஹீயோ. ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கி, மெல்லிய வட்டங்களாக அரிந்த பூண்டையும் ஒரு காய்ந்த மிளகாயையும் போட்டு, பூண்டு பொன்னிறமாகும் வேளையில் இறாலை இட்டு, சட்டியில் கொதி அடங்குமுன் மேசைக்குக் கொண்டுவருவார்கள். அந்த உணவின் உயிர், நீங்கள் ஒதுக்கிவிட்ட அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. இறாலின் சாறும் பூண்டின் மணமும் அதில்தான் இறங்கியிருக்கும். ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துச் சட்டியைத் துடைத்துச் சாப்பிட வேண்டும். சால்னாவை அப்படியே விட்டுவிட்டு பரோட்டாவை மட்டும் மென்றவரைப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அந்தப் பரிமாறுபவருக்கும் இருந்திருக்கும். மருத்துவர் சொன்னதை மீறச் சொல்லவில்லை. எண்ணெய் ஆகாது என்றால் அந்தச் சட்டியைக் கேட்காமல் இருப்பதே நல்லது.

தோர்த்தீயாவிலும் கடையின் மேல் குற்றம் இல்லை. ஸ்பெயினில் அந்தச் சொல் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அடையைக் குறிக்கும். வெங்காயம் போடலாமா கூடாதா என்று அந்த நாடே இரண்டு கட்சியாக நிற்கிறது. நடுப்பகுதி வழிய வேண்டும் என்பது பலருடைய விருப்பம். நம் ஊர்க் கலக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வெந்து வேண்டுமென்றால் ‘பியன் குவாஹாதா’ என்று கேட்டால் போதும். பயேயா தாப்பாவே அன்று. அது வாலென்சியா வட்டாரத்து மதியச் சோறு, அகலச் சட்டியில் கிளறாமல் அப்போதைக்கப்போது ஆக்குவது. நாற்பது நிமிடம் ஆகும் என்று சொன்ன கடைக்காரரை நான் நம்புவேன். ஐந்து நிமிடத்தில் கொண்டுவந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

கிரனாடாவைப் பற்றி நீங்கள் பயப்படவே வேண்டாம். பெங்களூரில் பட்ட கடனை அந்த ஊர் தீர்த்துவைக்கும். ஸ்பெயினின் பெரும்பாலான ஊர்களில் தாப்பாவுக்குக் காசு. கிரனாடா, அல்மேரியா, ஹயேன், லியோன் முதலிய சில ஊர்களில் மட்டும் ஒரு பானம் வாங்கினால் தாப்பா இலவசமாக வருகிறது. பானத்தின் விலை ஏறத்தாழ 3 யூரோ. பெரும்பாலும் எது வரும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டாவது பானம் வாங்கினால் முதலில் வந்தது வராது, வேறொன்று வரும். மது அருந்தாதவர்களையும் அதே மரியாதையோடுதான் நடத்துவார்கள். ‘மோஸ்தோ’ என்று கேளுங்கள். அது நொதிக்காத திராட்சைச் சாறு, அதற்கும் தாப்பா வரும். ‘தின்தோ தெ வெரானோ’ என்று செக்கச்செவேலென்று ஒன்றைப் பக்கத்து மேசையில் பார்த்து, பழச்சாறு என்று அம்மா கேட்டுவிடப் போகிறார்; அது ஒயினில் சோடா கலந்தது. நவாஸ் தெருவில் கடைகள் வரிசையாக இருக்கும். கூட்டம் பிடிக்காது என்றால் ரியலேஹோ பகுதிக்குள் ஏறிப் போங்கள்.

பெரியார் நிலையம் அருகே, இரவுக் கடை:

அண்ணாச்சி, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இரவு நேரப் பரோட்டாக் கடை நடத்துகிறது. மேலூர்த் தம்பி சொன்ன முறையை நான் ஸ்பெயினுக்குப் போகாமலே நாள்தோறும் பார்க்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் நான்கு பேர் சேர்ந்து வந்தால், சுக்கா ஒன்று, ஈரல் ஒன்று, கலக்கி இரண்டு என்று நடுவில் வாங்கி வைத்துக்கொண்டு, அது தீர்ந்ததும் குடல் ஒன்று சொல்வார்கள். யாரும் ஆளுக்கொரு தட்டு சுக்கா வாங்கித் தனித்தனியாக உட்கார்வதில்லை. ஆகவே உங்களுக்குத் தெரியாத வித்தை ஒன்றும் இல்லை; மேசையில் துணி விரித்திருந்ததும் பட்டியலில் புரியாத பெயர்கள் இருந்ததும் உங்களைத் தடுமாற வைத்துவிட்டன.

ஆனால் தம்பி கடைக்காரருக்கு அவ்வளவு எளிதாக விடுதலை கொடுத்ததை நான் ஏற்கவில்லை. ஐந்து பேர், அவர்களில் மூவர் வயதில் பெரியவர்கள், முதல் தடவை வந்திருக்கிறார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். எங்கள் கடையில் வெளியூர்க்காரர் யாராவது இரண்டு பேருக்கு எட்டுப் பரோட்டாவும் நான்கு கறியும் சொன்னால், “சார், முதலில் இதைச் சாப்பிடுங்கள், பிறகு பார்க்கலாம்” என்று மாஸ்டரே கல்லுக்குப் பின்னாலிருந்து சொல்லிவிடுவார். அளவு சிறியது, நடுவில் வைத்துப் பகிர வேண்டும், சோறு வேண்டுமென்றால் இப்போதே சொல்ல வேண்டும் என்ற மூன்று வார்த்தைகளைச் சொல்வதற்கு அந்தப் பரிமாறுபவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்குமா? ஆலிவ் எண்ணெயும் வெளிநாட்டு இறைச்சியும் விலை அதிகம் என்பது வியாபாரி என்ற முறையில் எனக்குத் தெரியும். விலையைப் பற்றி நான் பேசவில்லை. வந்தவர் பசியோடு எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றதைத்தான் குற்றம் என்கிறேன்.

ஒரு சந்தேகம், தம்பி. இத்தனை சிறு தட்டுகளுக்கும் அங்கே கணக்கு எப்படி வைக்கிறார்கள்?

மேலூரான்:

அண்ணாச்சி, நீங்கள் சொன்னது நியாயம்தான். பரிமாறுபவரின் பங்கை நான் யோசிக்கவில்லை. கணக்கைக் கேட்டீர்களே, ஸ்பெயினின் தெற்கே செவியா நகரத்தில் 1670ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் எல் ரின்கோன்சியோ என்ற கடையில், நீங்கள் சாய்ந்து நிற்கும் மரப்பலகையின் மேலேயே சுண்ணக்கட்டியால் உங்கள் கணக்கை எழுதிக்கொண்டே வருவார்கள். காசு கொடுத்ததும் துணியால் துடைத்துவிடுவார்கள். வடக்கே சான் செபஸ்தியானில் ரொட்டித் துண்டின் மேல் பதார்த்தத்தை வைத்துக் குச்சி குத்தித் தருவார்கள், அதற்குப் பின்ச்சோ என்று பெயர். சில கடைகளில் தட்டில் மிஞ்சிய குச்சிகளை எண்ணித்தான் காசு வாங்குவார்கள். குச்சியைக் கீழே போட்டுவிட்டு ஏமாற்றுபவர் இல்லையா என்று நானும் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திருநகர் அம்மாள்:

உங்கள் அக்காவுக்காக இதை எழுதுகிறேன். நானும் சைவம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகனோடு செவியாவிலும் கிரனாடாவிலும் மூன்று வாரம் இருந்தேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. “கறி வேண்டாம்” என்று சொன்னால் அங்கே பல கடைகளில் ஆட்டையும் மாட்டையும் மட்டும் விலக்கிவிட்டு, சூரை மீன் போட்ட காய்கறிக் கலவையைச் சிரித்த முகத்தோடு கொண்டுவந்து வைப்பார்கள். ஹமோன் எனப்படும் பன்றித் தொடையைச் சிலர் கறியாகவே கருதுவதில்லை. நாம் கறிவேப்பிலை கிள்ளிப் போடுவது போல அவர்கள் அதை எதிலும் தூவிவிடுவார்கள். அவரைப் பருப்பு என்று நம்பி ஒரு தட்டைக் கேட்டேன். ‘ஹபாஸ் கோன் ஹமோன்’ என்று கிரனாடாவில் பேர்போன அந்தப் பதார்த்தத்தில் பருப்புக்கு இணையாகப் பன்றி இறைச்சி கிடந்தது. சல்மோரெஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் கூழின் மேலும் ஹமோனும் முட்டையும் தூவி வரும். ஆகையால் பானம் கேட்கும்போதே, தாப்பா கிளம்புமுன், ‘சோய் வெஹெதாரியானா, சின் ஹமோன், சின் அத்தூன்’ என்று அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். நான் சைவம், ஹமோன் இல்லாமல், சூரை இல்லாமல் என்பது அதன் பொருள். மகள் கூட இருந்தாலும் அக்காவே சொல்லப் பழகிக்கொள்வது நல்லது.

இதைச் சொல்லிவிட்டால் பட்டினி கிடக்கத் தேவையில்லை. கீரையும் கொண்டைக்கடலையும் சீரகத்தோடு சேர்த்து ஆக்கிய ‘எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்’ செவியாவில் கிடைத்தது. முதல் வாய் வைத்ததும் வீட்டுக்கு வந்துவிட்டது போலிருந்தது. கத்தரிக்காயை மெல்லிய துண்டுகளாகப் பொரித்து, மேலே கரும்புப் பாகை நூல் போல ஊற்றித் தருவார்கள்; கத்தரிக்காய்க்கும் பாகுக்கும் என்ன உறவு என்று நானும் முகம் சுளித்தேன், இரண்டாம் நாள் நானே கேட்டு வாங்கினேன். உருளைக்கிழங்கையும் குடைமிளகாயையும் எண்ணெயில் மெல்ல வதக்கிய ‘பதாதாஸ் அ லோ போப்ரே’ நம் வறுவலுக்கு அக்கா முறை ஆகும். பத்ரோன் மிளகாய் என்று விரலளவுப் பச்சை மிளகாயைப் பொரித்து உப்புக்கல் தூவித் தருவார்கள்; பத்தில் ஒன்று உறைக்கும் என்று பெரிதாகப் பயமுறுத்துவார்கள், நம்மிடம் அந்தப் பயம் செல்லாது. பொரித்த உருளைக்கிழங்கின் மேல் காரக் குழம்பு ஊற்றித் தரும் ‘பதாதாஸ் பிராவாஸ்’ என்பதில் பிராவா என்றால் மூர்க்கம் என்று பொருளாம். அந்த மூர்க்கத்தை நம் ஊர்க் கைக்குழந்தையே தாங்கும்.

அக்கா கண்டிப்பானவர் என்றால், மான்சேகோ ஆட்டுப்பாலடைக்கட்டியைப் பெரும்பாலும் விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தெரியாமல் தின்றுவிட்டேன். பூண்டுத் தொக்கு ஒரு சின்னப் புட்டி எடுத்துப் போங்கள். அறையில் ரொட்டியோடு வைத்துக்கொள்ளலாம்.

அண்ணாநகர் வரிக்கணக்கர்:

உணவைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. அந்த ரசீதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சேவைக் கட்டணத்தை உணவகம் தானாகவே ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. உங்கள் 5,500 ரூபாயோடு 550 ரூபாயைச் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகைக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். அதாவது கொடுக்க வேண்டியிராத கட்டணத்துக்கு வரியும் கட்டியிருக்கிறீர்கள். அது இல்லாவிட்டால் 5,775 ரூபாயோடு போயிருக்கும். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால், உங்கள் மகன் முதலில் உணவகத்திடம் அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம்.

எஸ்.எஸ். காலனிக்காரர்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அம்மாள் எழுதியதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். ‘சின் ஹமோன், சின் அத்தூன்’ என்பதை இரண்டு நாளாகச் சுலோகம் போலச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ரசீது மகனிடம் இருக்கிறதாம். கேட்டுப் பார்க்கிறேன் என்றான். இரவுக்கடைத் தம்பி சொன்னதைப் படித்தபின் மனம் ஓரளவு ஆறியது.

மேலூர்த் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி மட்டும் பாக்கி. நாங்கள் இரவு ஏழரைக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுப்பவர்கள். பத்து நாளும் நின்றுகொண்டே தொடுகறி தின்று காலம் தள்ள எங்கள் முழங்கால்கள் இடம் கொடுக்காது. உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட வழி உண்டா?

மேலூரான்:

உண்டு ஐயா, ஆனால் அது மதியத்தில். அங்கே இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்கும்; ஜூன் மாதத்தில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் ஏழரை மணி அவர்களுக்குச் சாயங்காலம். அந்த நேரத்தில் பல உணவகங்களில் அடுப்பே எரியாது. அதனால் மதியம் இரண்டு மணிக்கு ‘மெனூ தெல் தியா’ என்று எழுதிய பலகை தொங்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். முதல் உணவு, இரண்டாம் உணவு, ரொட்டி, ஒரு பானம், இனிப்போ காப்பியோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. நம் மெஸ் சாப்பாட்டுக்கு அவர்களுடைய பதில் அது. வார நாட்களில்தான் எளிதாகக் கிடைக்கும். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ‘அகுவா தெல் க்ரீஃபோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022இல் சட்டமே வந்துவிட்டது. சேவைக் கட்டணம் என்று தனியாக எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள். திருப்தி என்றால் சில்லறையை விட்டு வரலாம். வெளித் திண்ணையில் நாற்காலி போட்ட இடங்களில் விலை சற்றுக் கூடும், முழங்காலுக்காக அதைக் கொடுத்துவிடுங்கள்.

மதியம் அப்படிச் சாப்பிட்டுவிட்டால் இரவு எட்டு மணிக்கு ஒரு மோஸ்தோவும் அதோடு வரும் தாப்பாவும் உங்கள் மூவருக்கும் போதும். இறால் சட்டி வந்தால் ரொட்டியை மறக்காதீர்கள்.